மூணாவது மூடி

சுருளிராஜனுடைய மூச்சின் விலை பதினாலு ரூபாய் நாற்பது காசு. நானாக வைத்த விலை இல்லை, கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது. பூச்சிமருந்து ஒரு லிட்டர் பாட்டில் எழுநூற்று இருபது ரூபாய். அதன் மூடியில் இருபது மில்லி பிடிக்கும். ஆக ஒரு மூடி மருந்து பதினாலு நாற்பது. கம்பத்தில் அந்தக் காசுக்கு ஒரு டீ குடிக்கலாம், வடைக்குப் பத்தாது. அந்த ஒரு மூடியைக் கூடுதலாக ஊற்றச் சொன்னவன் நான்.

என் பெயர் ஜஸ்டின். கம்பம் பஜாரில் எங்களுக்கு ரெண்டு கடை. ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர். இடப்பக்கம் என்னுடையது: உரம், விதை, பூச்சிமருந்து. வலப்பக்கம் என் மனைவி ஜாய்ஸுடையது: மெடிக்கல். சுவரில் ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஜன்னல் வைத்திருக்கிறோம். சில்லறை மாற்றுவது, சாப்பாட்டுத் தூக்கை நீட்டுவது, சண்டை போடுவது எல்லாம் அதன் வழியாகத்தான். காலையில் என்னிடம் பாட்டில் வாங்கிப் போகிறவன் சாயங்காலம் அவளிடம் தலைவலி மாத்திரைக்கு வருவான். "அண்ணாச்சி உண்டாக்குறாக, அந்தம்மா தீத்து வைக்கிறாக" என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு அதிகம் சிரித்தவனும் நான்தான்.

ஜாய்ஸ் பழனிசெட்டிபட்டிக்காரி. ஜவுளிக்கடை வீட்டில் பிறந்தவள். பேரம் பேசப் பேசத்தான் அவளுக்குப் பால் பல்லே விழுந்திருக்கும். ஆனால் டி.ஃபார்ம் படித்துவிட்டு வந்ததிலிருந்து பேரத்தைக் கைவிட்டுக் கொள்கையைப் பிடித்துக்கொண்டாள். கொள்கை உள்ள மனுஷியோடு குடும்பம் நடத்தலாம், சுகமாகத்தான் இருக்கும். வியாபாரம் நடத்துவதுதான் கஷ்டம்.

ஒருநாள் பெரியவர் ஒருவர் அவள் கடைக்கு வந்தார். "தாயி, சளி கட்டியிருக்கு. போன தடவ சாப்ட்டேனே, அந்தச் செவப்பு மாத்திரை, ரெண்டு குடு."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"சீட்டு எதுக்குத்தா, நமக்குள்ள."

"நமக்குள்ளங்கிறதாலதான் கேக்குறேன். வெளியாளுன்னா குடுத்து ஏமாத்தியிருப்பேன். இப்படி ரெண்டு ரெண்டா முழுங்கிக்கிட்டே இருந்தா, நாளைக்கு நெசமாவே முடியாமப் படுக்கையில அந்த மாத்திரை வேலை செய்யாது. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் பாப்பாக, மாத்திரையும் குடுப்பாக. காசு கெடையாது."

பெரியவர் நேராகப் போனார். எதிர்க் கடைக்குப் போய் நாலாக வாங்கிக்கொண்டார்.

நான் ஜன்னலில் தலையை நுழைத்தேன். "இப்படியே போனா ஷட்டரும் பூட்டும்தான் மிஞ்சும்."

"பரவால்ல. உங்க கல்லாவுலதான் ரெண்டு பங்கு விழுதுல்ல."

"ஜாய்ஸ், ஓசியில கெடைக்கிறது ஒசத்தியா இருக்காது. மனுஷனுக்கே அது தெரியும். அதான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கிறான்."

"ஓசியா? நீங்க வாங்குற சோப்புக்கு, சீப்புக்கு எல்லாம் வரி கட்டுறீக. அந்தக் காசுல கட்டுன ஆஸ்பத்திரி. நம்ம கடைக்கு நம்மளே போகலேன்னா வேற எவன் போவான்? அது சரி, பெரியாத்துத் தண்ணியும் லோயர் கேம்புல எறங்கி ஓசியாத்தான் வருது. அதைக் கொறை சொல்லுங்க பாப்போம்."

கம்பம் பள்ளத்தாக்கில் கடவுளைக் குறை சொல்லலாம், ஆள் வந்து சமாதானம் பேசுவான். பெரியாற்றுத் தண்ணீரைக் குறை சொன்னவன் ஊர் தாண்ட முடியாது. தலையை இழுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த ஜன்னலில் நான் ஜெயித்தது கிடையாது. தோற்பதிலும் ஒரு ருசி இருக்கிறது என்பதைக் கல்யாணமான வியாபாரிகள் மட்டும் அறிவார்கள்.

அவளுக்கு வாய்க்காலிலும் சண்டை உண்டு. மருந்தடித்து முடித்ததும் காலி பாட்டிலை வாய்க்காலில் விட்டெறிவது எங்கள் பக்கத்து வழக்கம். "அதே தண்ணியத்தான் கீழ இருக்கிறவன் மொண்டு குடிக்கிறான். வித்த கடைக்காரன்தான் காலி பாட்டிலைத் திருப்பி வாங்கணும்" என்று அவள் மனு எழுதினாள். எழுதிவிட்டு, வேறு எந்தக் கடைக்காரனுக்கும் முன்னால் என் கடை வாசலில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள்.

இனி என் வியாதியைச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் கொசுறு.

எங்கள் வீட்டில் புளி விற்றார்கள், கடலை விற்றார்கள், மொச்சை விற்றார்கள். எதை விற்றாலும் எடை போட்டு முடித்த பிறகு ஒரு பிடி அள்ளி மேலே போடுவார்கள். "தராசு நேரா நின்னா வாங்குறவன் மொகம் கோணும். ஒரு பிடி போடு, மொகம் நேராகும்" என்பது எங்கள் அப்பா ஞானசிகாமணியின் வியாபாரம். எனக்கும் கை அப்படியே பழகிவிட்டது. ஆனால் நான் விற்பது சீல் வைத்த பாட்டில். விலை அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. அதில் எங்கே போய் ஒரு பிடி அள்ளுவது? கை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கை செய்ய முடியாததை நாக்கு செய்ய ஆரம்பித்தது.

"இருபது லிட்டர் டேங்குக்கு ரெண்டு மூடின்னு லேபிள்ல போட்டிருப்பான். நீ மூணா ஊத்து. அந்த மூணாவது நம்ம கொசுறு."

சொன்னதும் எதிரில் நிற்கிறவன் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே சொன்னேன். வண்டும் நன்றாகச் செத்தது. "ஜஸ்டின் கடை மருந்து கேக்கும்" என்று காமயகவுண்டன்பட்டி வரைக்கும் பெயர். ஒரு கம்பெனி மருந்து எல்லாக் கடையிலும் ஒன்றுதான், என் கடையில் மட்டும் எப்படிக் கூடுதலாகக் கேட்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்த் திராட்சை பந்தலில் படர்வது. கொடி தலைக்கு மேலே இருக்கும். மருந்தை அண்ணாந்து மேலே பார்த்து அடிக்க வேண்டும். மேலே போனதில் வண்டுக்குப் போனது போக மிச்சம் அடிக்கிறவன் முகத்தில்தான் இறங்கும். வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பான். அந்தத் துண்டும் நாலு டேங்கில் நனைந்துவிடும்.

பங்குனி மாசம் ஒரு மத்தியானம். கடையில் கூட்டமில்லை. ஜாய்ஸ் ஜன்னல் வழியாக ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினாள்.

"ரெண்டு மாசமா எழுதியிருக்கேன். பாருங்க."

யார் வந்தார்கள், என்ன தேதி, என்ன கோளாறு, முந்தின நாள் எந்தத் தோட்டத்தில் மருந்தடித்தார்கள், அந்த மருந்து எந்தக் கடை. கட்டம் போட்டு எழுதியிருந்தாள். தலைவலி, கண் எரிச்சல், வாந்தி, கை நடுக்கம். மொத்தம் பத்தொன்பது பேர். அதில் பதினாலு பேர் நம்ம கடை மருந்து.

எனக்கு எண்ணைக் கண்டால் குறைக்கத் தோன்றும். "இதுல நாலு பேரு குடிகாரனுங்க. அவனுகளுக்கு மருந்தடிக்காமயே கை நடுங்கும். கழிச்சுரு."

"குடிக்கிறவகளைக் கழிச்சாச்சு. கழிச்சுத்தான் பதினாலு."

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பத்துன்னு முடிச்சுக்குவோம்."

"ஏங்க, இது என்ன திராட்சைப் பெட்டியா? பத்துன்னு முடிச்சா மிச்ச நாலு பேருக்கு வாந்தி நின்னுருமா?" நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்புறம் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அளவு என்ன சொல்லிக் குடுக்குறீக?"

"லேபிள்ல உள்ளதுதான்."

"ரெண்டு மூடி?"

"ரெண்டு மூடி."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் விலையில் பொய் சொல்லியிருக்கிறேன், வயதில் பொய் சொல்லியிருக்கிறேன், சர்க்கரை போட்ட காபி குடித்துவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தெரிந்தேதான் அவளும் நம்பியதாகக் காட்டிக்கொள்வாள். இதை மட்டும் நிஜமாகவே நம்பினாள். அதுதான் என்னவோபோல் இருந்தது. "அப்ப மொகமூடி போடாததாலதான் இருக்கும்" என்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை, காலி பாட்டில் மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தேனி போனாள். நான் கடையில் தனியாக இருந்தேன். பதினோரு மணி வாக்கில் ராஜா முகம்மது போன் பண்ணினார். சுருளிப்பட்டி ரோட்டில் மூணு ஏக்கர் பந்தல் வைத்திருக்கிறவர், பதினஞ்சு வருஷ வாடிக்கை.

"அண்ணாச்சி, நம்ம சுருளிராஜன் மருந்தடிச்சுக்கிட்டு இருந்தான்ல, பந்தலுக்குள்ளயே சாஞ்சுட்டான். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துட்டேன். நீங்க ஒண்ணும் பதறாதீக. வெயில் மயக்கம்னுதான் டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கேன். பாட்டிலை வண்டி டிக்கியில போட்டுப் பூட்டிட்டேன். நீங்க இங்கன வராதீக. கடை பேரு அடிபடக்கூடாது."

அன்பான மனுஷர். அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்கும் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு ஜாய்ஸுக்குப் போன் போட்டேன். வெயில் மயக்கம்தான் என்று அவளும் சொன்னால் விஷயம் முடிந்தது என்று ஒரு நப்பாசை.

அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "வாயில எச்சி வடியுதாமா? வேர்த்துக் கொட்டுதாமா?"

ராஜா பாய்க்குத் திரும்பப் போன் போட்டுக் கேட்டேன். வடிகிறது, கொட்டுகிறது, மூச்சு வேறு கரகரவென்று இழுக்கிறது என்றார்.

"அது வெயில் இல்லங்க" என்றாள் ஜாய்ஸ். "பாட்டிலை எடுத்து டாக்டர் கையில குடுங்க. என்ன மருந்துன்னு தெரியாம அவுக என்ன வைத்தியம் பாப்பாக? சட்டையக் கழட்டி ஒடம்பெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. நான் பஸ் ஏறுறேன்."

"ஜாய்ஸ், லைசென்ஸ்..."

"லைசென்ஸ் போனா இட்லிக் கடை போடலாம். போங்க."

ஷட்டரை இறக்காமலே ஓடினேன். பெரியாஸ்பத்திரி வாசலில் ராஜா பாய் என்னைக் கண்டதும் "வராதீகன்னு சொன்னேனே" என்று கையைப் பிசைந்தார். சாவியை வாங்கி டிக்கியைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சுருளிராஜன் கட்டிலில் கிடந்தான். நாற்பது வயசு, நல்ல உழைத்த உடம்பு. அது இப்போது யாரோ பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது. டாக்டர் சுபாஸ்ரீ சின்ன வயசு. அவன் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் பாப்பா கடுகு மாதிரிச் சுருங்கியிருந்தது. ஏற்கெனவே அவளுக்குச் சந்தேகம் வந்து சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டாள். சுருளியின் பெண்சாதி யுவராணி கால்மாட்டில் நின்றாள். அவளும் அதே தோட்டத்தில்தான் வேலை. டேங்கில் தண்ணி ஊற்றி, மருந்து கலந்து கொடுக்கிறவள் அவள்தான்.

நான் பாட்டிலை நீட்டினேன். டாக்டர் லேபிளைப் படித்தாள். "இதை முதல்லயே குடுத்திருக்கலாமே" என்று ராஜா பாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னாள். ஊசி ஏறியது. கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு கலந்தீங்க?"

"லேபிள் அளவுதான் டாக்டர்" என்றார் ராஜா பாய். என்னைக் காப்பாற்றுவதை அவர் இன்னும் விடவில்லை. "டேங்குக்கு ரெண்டு மூடி."

யுவராணி தலையைக் குனிந்தாள். "நாந்தான் ஊத்துனேன்" என்றாள். "மூணு ஊத்திட்டேன் போல. நாந்தான் கூட ஊத்திட்டேன்."

பொய்யும் ஒரு சரக்குதான். அதற்கும் விலை உண்டு. அதுவரை என் பொய்யை நானே சுமந்துகொண்டு திரிந்தேன், எடை தெரியவில்லை. இப்போது அதை இன்னொருத்தி தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போகலாம், ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். அவள் ஆயுசுக்கும் புருஷனைத் தானே சாகடிக்கப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு இருப்பாள். நான் ஆயுசுக்கும் லைசென்ஸோடு இருப்பேன்.

"அவ தப்பு இல்ல டாக்டர்" என்றேன். "மூணு மூடிதான். ரெண்டு லேபிள்ல உள்ளது. ஒண்ணு நான் சொன்னது. நாந்தான் கடைக்காரன்."

டாக்டர் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை டேங்க் அடிச்சாரு?"

"பதினொண்ணு" என்றாள் யுவராணி.

டாக்டர் அதை எழுதிக்கொண்டாள். பிறகு யுவராணியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அவள் கண்ணிலும் டார்ச் அடித்தாள். "தலை சுத்துதாம்மா?"

"அது காலையில இருந்து சுத்திக்கிட்டுத்தான் இருக்கு."

"நீங்களும் அந்தக் கட்டில்ல படுங்க."

பத்து நிமிஷத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் டாக்டர் சுருளியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். நானும் ராஜா பாயும் வராந்தாவில் நின்றோம். அவர் கட்டில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எனக்கும் மூணுதான் அண்ணாச்சி சொன்னீக. பதினஞ்சு வருஷமா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

ரெண்டு மணிக்கு மூச்சின் கரகரப்பு குறைந்தது. மேற்கொண்டு பார்க்கத் தேனிக்கு அனுப்ப வேண்டும் என்று வண்டிக்குச் சொன்னார்கள். நான் பர்ஸைத் திறந்துகொண்டு நர்ஸிடம் போனேன்.

"பில்லு எங்கம்மா கட்டணும்?"

"பில்லு இல்ல சார்."

"ஊசிக்கு?"

"இல்ல சார்."

"தேனிக்கு வண்டி?"

"அதுக்கும் இல்ல. கொஞ்சம் வழி விடுங்க."

பர்ஸைத் திறந்தபடி நின்றேன். பிறந்ததிலிருந்து எதற்கும் ஒரு விலை சொல்வார்கள், நான் பாதிக்குக் கேட்பேன். முதல் தடவையாக விலை சொல்ல ஆளே இல்லாத இடத்தில் நின்றேன். பர்ஸை மூடக்கூடக் கூச்சமாக இருந்தது.

வண்டி கிளம்பிக்கொண்டிருக்கும்போதுதான் ஜாய்ஸ் வந்து சேர்ந்தாள். யுவராணி நேரே அவளிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "அக்கா, அண்ணாச்சி மட்டும் மூணு மூடின்னு சொல்லலேன்னா எம் மேலதான்க்கா பழி." நன்றியாகத்தான் சொன்னாள். ஜாய்ஸ் அவள் கையைத் தடவிக்கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டாள். பிறகு வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மனு கொடுத்த ரசீதை நாலாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மூடின்னு சொன்னீக."

"சொன்னேன்."

"நானும் நோட்டுல எழுதுனேன். மொகமூடி இல்லாததாலன்னு."

"கொசுறுக்குச் சொன்னதுத்தா. ஒரு சந்தோசத்துக்கு. கொசுறு குடுத்துக் குடுத்துப் பழகிப்போச்சு."

அவள் ரசீதை மடிப்பதை நிறுத்தினாள். "கொசுறுன்னா உங்க கையில இருந்து போகணும். ஒங்க அப்பா அவுக சாக்குல இருந்து அள்ளிப் போட்டாக. இது அவன் பாட்டில்ல இருந்து போகுது. சீக்கிரம் தீந்துபோய் அடுத்த பாட்டிலுக்கும் உங்ககிட்டயேதான் வாரான். காசும் அவனுது, மூச்சும் அவனுது. இதுல நீங்க குடுத்தது என்னங்க?"

வியாபாரியின் மகன், வியாபாரியின் பேரன், பதினஞ்சு வருஷமாக இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பஜாரில் எவனும் நம்ப மாட்டான். மனசுக்குள் எங்கேயோ புரிந்துதான் இருந்திருக்கும்.

"பேசாம இருக்கீக."

"பேரம் பேச எடமில்ல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகும்போது, "காலையில இருந்து சாப்ட்ருக்க மாட்டீக. வாங்க" என்றாள். மெஸ்ஸில் எனக்கு ரெண்டு அப்பளம் கேட்டு வாங்கி வைத்தாள். கோபத்தில் இருந்தால் அவள் ஒன்றுக்கு மேல் விடமாட்டாள்.

ஆறாம் நாள் தேனி வார்டில் சுருளிராஜன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"இருடா, இருடா."

"வாங்கண்ணாச்சி. உங்க கொசுறு இந்தத் தடவ கொஞ்சம் தூக்கலாப் போச்சு." அவன் சிரித்தான். யுவராணி அவன் தொடையில் ஒரு அடி வைத்தாள்.

"என்னையத் திட்டேண்டா."

"திட்டலாம்ணாச்சி. தெம்பு வரட்டும்." கஞ்சியைக் கீழே வைத்தான். "ஆனா ஒண்ணு. காமயகவுண்டன்பட்டியில எம் மச்சினன் அடிக்கிறான். அவனும் உங்க கடை மருந்துதான். மூணு மூடிதான். அவன்கிட்ட நான் சொன்னா, படுத்துக்கிட்டுப் பேசுறான்னு சிரிக்கிறான். நீங்க சொல்லணும். ஊத்துன்னு சொன்ன வாய்தான் ஊத்தாதன்னும் சொல்லணும்."

வேளாண்மை ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உள்ளதை எழுதிக் கொடுத்தேன். இருபத்தொரு நாள் விற்பனைக்குத் தடை. இருபத்தொரு நாள் ஷட்டர் இறங்கிக் கிடக்கிற பூச்சிமருந்துக் கடைக்காரனுக்கு என்ன வேலை? ஜாய்ஸ் வேலை வைத்திருந்தாள். என் பில் புத்தகத்தையும் அவள் நோட்டையும் சேர்த்து வைத்து, அந்த மருந்தை வாங்கிப் போன பந்தல்காரர்களைப் பட்டியல் எடுத்தாள். அறுபத்தொரு பேர்.

"போய்க் கொசுறைத் திருப்பி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுப் போன வியாபாரி உண்டு. கொடுத்த கொசுறைத் திருப்பிக் கேட்டுப் போனவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். ஸ்கூட்டரில் பின்னால் அவளும் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு அட்டைப் பெட்டி: முகமூடி, கண்ணாடி, கையுறை. அடக்க விலைக்குக் கொடுப்பாளாம். "லாபம் வைக்கலாம்ல" என்றேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

முதலில் சுருளியின் மச்சினனிடம் போனோம். அவன் கேட்டுக்கொண்டான். முகமூடியும் ரெண்டு வாங்கிக்கொண்டான். ராஜா பாய் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ரெண்டு மூடி, தெரியும், வாங்க டீ குடிப்போம்" என்றார். மற்றவர்கள் அவ்வளவு லேசில் விடவில்லை. "ஏன் அண்ணாச்சி, கம்பெனிக்காரன் உங்களுக்குக் கமிசனைக் குறைச்சுட்டானா?" என்றான் ஒருவன். "கூட ஊத்துன்னா யாவாரம், கொறைச்சு ஊத்துன்னா என்ன யாவாரம்?" என்று ஒருவன் சந்தேகமாகவே பார்த்தான். ராயப்பன்பட்டியில் ஒருவர், "பதினஞ்சு வருஷமா எம் புள்ளைகளை வச்சு அடிச்சேன்யா" என்று மண்வெட்டியை ஓங்கிவிட்டார். ஜாய்ஸ்தான் குறுக்கே நின்றாள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன்.

ஓடைப்பட்டிப் பக்கம் அக்கம்மாள் என்று ஒருத்தி. அரை ஏக்கர் பந்தல். தானே கொடியைக் கவாத்து வெட்டி, தானே மருந்தடித்து, தானே பழம் விற்கிறவள். பேரத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவாள்.

"மூணை ரெண்டாக்கச் சொல்றீக. வண்டு சாகலேன்னா?"

"சாகும்த்தா. லேபிள்ல போட்டிருக்கான்."

"லேபிள் போன வருசமும்தான் இருந்துச்சு. அப்ப நீங்க லேபிளைப் பாத்தா சொன்னீக?"

ஜாய்ஸ் முன்னால் வந்தாள். "உங்களுக்குத் தலைவலி வருதாக்கா, அடிச்ச அன்னிக்கு?"

"வரும். சீரகத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்துருவேன்."

"ரெண்டு மூடி ஊத்தி அடிச்சுப் பாருங்க. வண்டையும் பாருங்க, தலைவலியையும் பாருங்க. பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

அக்கம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புருஷன் ஒரு கணக்குச் சொல்றாக, பொஞ்சாதி ஒரு கணக்குச் சொல்றாக. சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். ரெண்டரை."

நான் ஜாய்ஸைப் பார்த்தேன். ஜாய்ஸ் என்னைப் பார்த்தாள். சுருளிராஜன் சாய்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். பந்தலுக்கடியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்கம்மாளும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். கடைசியில் ஒரு கண்ணாடியும் ஒரு முகமூடியும் அடக்க விலையிலும் அஞ்சு ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டுதான் விட்டாள். மூடி மட்டும் ரெண்டரையிலேயே நின்றது.

திரும்பும் வழியில் சின்னமனூர் தாண்டி மழை பிடித்தது. ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினோம். ஜாய்ஸ் நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துக் கட்டம் போட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். இந்தத் தடவை ஒரு எண்ணையும் நான் குறைக்கவில்லை.

மொத்தப் பந்தல் அறுபத்தொன்று. ரெண்டு மூடிக்கு மனசாரச் சம்மதித்தவர்கள் முப்பத்துநாலு. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நாங்கள் திரும்பியதும் மூணுதான் ஊற்றுவார்கள் என்று முகத்திலேயே தெரிந்தவர்கள் பதினொன்று. சண்டைக்கு வந்தவர்கள் ஆறு. ரெண்டரைக்கு முடித்தவள் ஒருத்தி. போகவே இல்லாதது ஒன்பது. தடை தீர இன்னும் எட்டு நாள். பாக்கி: ஒன்பது பந்தல், பதினொரு தலையாட்டல், ஆறு சண்டை, ஒரு அரை மூடி.